தீர்வைச் சுவர் சரிந்தபோது: கனடாவின் 1988 தேர்தலும் ஒரு தளபாடத் தொழிற்சாலையும்



இந்த உரைக்கு அமைப்பாளர்கள் என்னை அழைத்தபோது இலக்கியம் பற்றிப் பேசுவேன் என்று எதிர்பார்த்தார்கள். நான் ஒரு தேர்தலைப் பற்றிப் பேச அனுமதி கேட்டேன். அந்தத் தேர்தலில் எனக்கு வாக்கு இருக்கவில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் வேறெந்தத் தேர்தலையும் அத்தனை கவனமாக நான் பார்த்ததில்லை.

1988 ஒக்ரோபர் 25, செவ்வாய் இரவு. ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் ஒரு வீட்டின் பேஸ்மென்றில் நாங்கள் ஆறு பேர். நியூஃபவுண்ட்லாந்துக் கடலில் 155 தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்டு இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. நான் அதற்கு அடுத்த வருடம் வந்தவன். தெருவோரத்தில் எடுத்த பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் மூன்று கட்சித் தலைவர்கள் ஆங்கிலத்தில் விவாதித்துக்கொண்டிருந்தார்கள்: பிரதமர் பிரையன் மல்ரோனி, லிபரல் தலைவர் ஜோன் ரேணர், புதிய ஜனநாயகக் கட்சியின் எட் புரோட்பென்ற். பாதி விளங்கியது, பாதி விளங்கவில்லை. விவாதம் முடியும் தறுவாயில் ரேணர் விரலை நீட்டி, நீங்கள் நாட்டை விற்றுவிட்டீர்கள் என்ற பொருளில் மல்ரோனியைச் சாடினார். மல்ரோனியின் முகம் சிவந்தது. எங்களில் மூத்தவராக இருந்த அண்ணை சோற்றுக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்: “உவை சண்டை பிடிக்கிறது எங்கட ஃபக்ரறியைப் பற்றியோ?”

ஓம், எங்கட ஃபக்ரறியைப் பற்றித்தான். அது எப்படி என்று விளங்க எனக்குப் பல வருடங்கள் எடுத்தன.

நான் வேலை செய்தது ஒரு தளபாடத் தொழிற்சாலையில். உடுப்பு அலுமாரி, படுக்கையறை மேசை, லாச்சி வைத்த அடுக்கு என்று எல்லாம் செய்வோம். எனக்குச் சாண்ட் பேப்பர் பிடிக்கும் வேலை. அதைப் பழக்கியவர் போர்த்துக்கல் நாட்டவர், அப்போது அவருக்கு 52 வயது. பலகையில் கையை வைத்துக் கண்ணை மூடச் சொல்வார். கண் பார்த்தால் மினுக்கத்தில் ஏமாறும், விரல் ஏமாறாது என்பது அவர் பாடம். செய்து முடித்த லாச்சியை உள்ளே தள்ளிவிட்டுக் காது கொடுத்துக் கேட்பார். காற்று மெல்லப் பிதுங்கிப் போகும் சத்தம் வந்தால்தான் அது சரி. ஊரில் நான்கு வருடம் மட்டும் பள்ளிக்கூடம் போனவர், இங்கே அந்தக் கையை வைத்து ஒரு வீடு வாங்கியிருந்தார். முன்வாசலில் முந்திரிகைப் பந்தல், பின்னால் தக்காளிப் பாத்தி, மகள் பல்கலைக்கழகத்தில்.

நடுத்தர வர்க்கம் என்ற சொல்லை நம்மவர்கள் படித்த உத்தியோகத்தரோடு மட்டும் சேர்த்துப் பார்ப்பார்கள். அந்த நாளைய ரொறன்ரோவில் அதற்கு இன்னொரு வாசல் இருந்தது. தொழிற்சங்கம் உள்ள ஒரு தொழிற்சாலையில் இருபது வருடம் நின்றால், பட்டம் இல்லாதவரும் வீட்டுக் கடன் கட்டிப் பிள்ளைகளைப் படிக்க வைக்கலாம். இத்தாலியரும் போர்த்துக்கேயரும் அந்த வாசலால் போனார்கள். நாங்களும் அதே வரிசையில் வந்து நின்றோம்.

அந்த வாசலைக் கட்டியது ஒரு சுவர். 1879இல் ஜோன் மக்டொனால்டின் அரசு ‘தேசியக் கொள்கை’ என்ற பெயரில் இறக்குமதிப் பொருட்களுக்கு உயர்ந்த தீர்வை விதித்தது. அமெரிக்கப் பொருள் எல்லையில் விலை ஏறியது, உள்ளூர்ப் பட்டறை பிழைத்தது. சுவரைத் தாண்டி விற்கக் கட்டுப்படியாகாத அமெரிக்கக் கம்பனிகள் சுவருக்கு உள்ளேயே வந்து கிளைத் தொழிற்சாலைகளைப் போட்டன. ஒன்ராறியோவின் தொழிற்சாலைப் பட்டணங்கள் பல இப்படி வளர்ந்தவைதான். எங்கள் முதலாளி உள்ளூர்க்காரர், எங்கள் தெருவில் எதிர்ப்பக்கம் இருந்தது ஓர் அமெரிக்கக் கிளை.

சுவரால் யாருக்கு நட்டம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். மேற்குப் புல்வெளி மாகாணங்களின் விவசாயி தன் கோதுமையை உலகச் சந்தை விலைக்கு விற்று, உழவு இயந்திரத்தைத் தீர்வை ஏறிய விலைக்கு வாங்கினான். 1911இல் பிரதமர் லோரியே அமெரிக்காவோடு தீர்வைக் குறைப்பு உடன்பாடு ஒன்றைக் கொண்டுவந்து அதை வைத்தே தேர்தலுக்குப் போனார், தோற்றார். அதற்குப் பிறகு எழுபது வருடங்களுக்கு மேலாக அந்தக் கதவை முழுதாகத் திறக்க யாரும் துணியவில்லை. 1965இல் வந்த மோட்டார் வாகன உடன்படிக்கை கார்களுக்கு மட்டும் எல்லையைத் திறந்தது. அதிலும் கனடாவில் விற்பதற்கு ஏற்ற அளவு கனடாவில் செய்யவும் வேண்டும் என்ற காப்பு இருந்தது.

பொருளியலாளர்கள் சுவருக்கு எதிராகச் சொன்ன வாதத்தை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே பட்டறையில் கண்டிருக்கிறேன். கனடாவின் சந்தை சிறியது. அதனால் எங்கள் ஒரே தளத்தில் பன்னிரண்டு மாதிரி அலுமாரிகள் செய்தோம். ஒரு மாதிரியிலிருந்து அடுத்ததற்குப் போக வாளைக் கழற்றி மாட்டி, அளவு பிடித்து, நாலு பலகையை வெட்டிப் பார்த்து எறிந்து முடிக்க அரை நாள் போய்விடும். வட கரோலைனாவில் இருக்கும் ஒரு தொழிற்சாலை அதே வாளை மாட்டினால் வாரம் முழுக்கக் கழற்றாது. அவர்களுடைய அலுமாரி மலிவாக இருந்ததற்கு அவர்கள் எங்களைவிடக் கெட்டிக்காரர்களாக இருக்க வேண்டியதில்லை. சந்தை பெரிதானால் நாங்களும் ஒரு வாளை ஒரு வாரம் ஓட்டலாம் என்பதே சுதந்திர வர்த்தகத்தை ஆதரித்தவர்களின் வாதம். அதில் உண்மை இருந்தது. என் கையால் எறிந்த பலகைகளே அதற்குச் சாட்சி.

அமெரிக்காவோடு சுதந்திர வர்த்தக உடன்படிக்கை வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1983இல் கட்சித் தலைமைக்குப் போட்டியிட்டபோது மல்ரோனி சுதந்திர வர்த்தகத்தை எதிர்த்தவர். 1985 செப்ரெம்பரில், முன்னாள் லிபரல் நிதியமைச்சர் டொனால்ட் மக்டொனால்டின் அரச ஆணைக்குழு அதைப் பரிந்துரைத்தது. மல்ரோனி மனம் மாறினார். 1987 ஒக்ரோபர் தொடக்கத்தில், அமெரிக்கக் காங்கிரஸ் வைத்திருந்த காலக்கெடு நள்ளிரவில் முடிய இருந்தபோது உடன்பாடு எட்டியது. 1988 ஜனவரி 2 அன்று மல்ரோனியும் அமெரிக்க ஜனாதிபதி ரேகனும் ஒப்பமிட்டார்கள். தன் கட்சி பெரும்பான்மையாக இருந்த செனட்டிடம், மக்கள் தீர்ப்புக் கிடைக்கும்வரை சட்டத்தை நிறுத்தி வைக்கும்படி ரேணர் கேட்டுக்கொண்டார். மல்ரோனி தேர்தலை அறிவித்தார். வாக்களிப்பு நாள் நவம்பர் 21.

அந்த ஏழு வாரம் நாடே ஒரு விவாத மேடையாக இருந்தது. எங்கள் சாப்பாட்டு அறையிலும் அப்படித்தான். லிபரல் கட்சி ஒரு தொலைக்காட்சி விளம்பரம் போட்டது. வரைபடத்தில் இரு நாட்டுக்கும் இடையிலுள்ள கோட்டை ஒருவர் அழிறப்பரால் அழிப்பார். தொழிற்சங்கங்களும் தேசியவாதிகளும் சேர்ந்த அணிக்காக ரிக் சலூற்றின் எழுதி, கேலிச்சித்திரக்காரர் ஏஸ்லின் வரைந்த சித்திரப் புத்தகம் பத்திரிகைகளோடு வீடுவீடாகப் போனது. பெரும் வணிக நிறுவனங்களின் கூட்டணி அதற்குப் பதிலாக நான்கு பக்க இணைப்புகளைப் போட்டது. மருத்துவக் காப்புறுதி போய்விடும் என்ற பயம் பரவியபோது, அந்தத் திட்டத்துக்கு அடித்தளம் இட்ட நீதிபதி எமற் ஹோல் உடன்படிக்கையை வாசித்துவிட்டு, அதில் அப்படியொரு ஆபத்தும் இல்லை என்று சொன்னார்.

நாட்டின் இறைமை, மருத்துவம், பண்பாடு இவையெல்லாம் பெரிய கேள்விகள். மக்கள் அவற்றைக் கேட்டதில் பிழை காண மாட்டேன். ஆனால் அவை எழுந்த அளவுக்கு, தொழிற்சாலைக் கேள்வி அமுங்கிப் போனது. ஒரு பக்கம் லட்சக்கணக்கில் வேலை வரும் என்றார்கள், மறுபக்கம் லட்சக்கணக்கில் வேலை போகும் என்றார்கள். இரண்டுமே நடக்கலாம், ஆனால் வருகிற வேலையும் போகிற வேலையும் ஒரே ஆளுடையதாக இருக்காது என்று யாரும் எங்களுக்கு எடுத்துச் சொல்லவில்லை.

நவம்பர் முதல் வாரம், பின்னேர ஷிஃப்ட் மாறும் நேரம், ஒரு வேட்பாளர் எங்கள் வாசலுக்கு வந்தார். எந்தக் கட்சி என்று சொல்லப் போவதில்லை, அது இங்கே முக்கியமில்லை. எல்லோருக்கும் கைகொடுத்து, வேலை இழப்பவர்களுக்கு அரசு நல்ல மறுபயிற்சி தரும் என்றார். போர்த்துக்கேயப் பெரியவர் கையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக் கேட்டார்: “எத்தனை வயதுவரை?” வேட்பாளருக்குக் கேள்வி பிடிபடவில்லை. பெரியவர் திரும்பவும் கேட்டார்: “அந்தப் பயிற்சி. எத்தனை வயதுவரை எடுப்பார்கள்? எத்தனை மாதம்? அந்த மாதங்களில் வீட்டுக் கடன் யார் கட்டுவது?” வேட்பாளர் விசாரித்துச் சொல்வதாகச் சொன்னார். ஒரு துண்டுப்பிரசுரத்தையும் கொடுத்தார். பெரியவர் அதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளே போனார்.

இத்தனை வருடம் இந்த உடன்படிக்கையைப் படித்தும் படிப்பித்தும் வந்திருக்கிறேன். 1988இல் நாடு முழுவதும் கேட்கப்பட்ட கேள்விகளில் இந்த மூன்றையும்விடக் கூர்மையானவற்றை நான் எங்கும் காணவில்லை.

முடிவு உங்களுக்குத் தெரிந்ததுதான். 295 இடங்களில் மல்ரோனியின் கட்சிக்கு 169. வாக்கில் 43 சதவீதம். உடன்படிக்கையை எதிர்த்த இரு கட்சிகளும் சேர்ந்து பாதிக்கு மேல் எடுத்தும் 126 இடங்களே பெற்றன. கியூபெக் தன் 75 இடங்களில் 63ஐ மல்ரோனிக்குக் கொடுத்தது. அங்கே ஒருவரோடொருவர் ஒத்துப்போகாத மாகாண முதல்வர் பூறாசாவும் பிரிவினைவாதத் தலைவர் பரிசோவும்கூட உடன்படிக்கையை ஆதரித்தார்கள். ஆங்கிலக் கனடாவிலிருந்து சற்றே விலகி அமெரிக்கச் சந்தையோடு நேரே பேசுவது அவர்களுக்கு வாய்ப்பாகத் தெரிந்தது. அல்பேர்ட்டா 26இல் 25ஐக் கொடுத்தது. தீர்வைச் சுவரின் சுமையைத் தலைமுறைகளாகச் சுமந்தவர்கள் அவர்கள். ஒன்ராறியோ நடுவால் பிளந்து மல்ரோனிக்கு 46, லிபரலுக்கு 43, புதிய ஜனநாயகக் கட்சிக்கு 10 என்று நின்றது. பெரும்பான்மை எதிர்த்தும் உடன்படிக்கை வந்தது என்று இன்றும் சிலர் வருந்துவார்கள். நான் அவர்களோடு சேரவில்லை. ஒரு வாக்குச்சீட்டில் ஆயிரம் காரணங்கள் இருக்கும். இருக்கிற விதிப்படி அரசுக்கு ஆணை கிடைத்தது.

1989 ஜனவரி 1 அன்று உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது. சில பொருட்களுக்குத் தீர்வை அன்றே நீங்கியது, சிலவற்றுக்கு 5 வருடத்தில், மற்றவற்றுக்கு 10 வருடத்தில். ஒவ்வொரு பொருளுக்கும் தனி வரி போட்டு, எந்த ஆண்டு எத்தனை வீதம் குறையும் என்று அட்டவணை இருந்தது. பல வருடங்களுக்குப் பிறகு பல்கலைக்கழக நூலகத்தில் அந்தத் தடித்த தொகுதியை எடுத்துத் தளபாடங்களின் பக்கத்தை விரித்தபோது என் நெஞ்சு கனத்தது. மரத்துக்கும் மெத்தைக்கும் கால அவகாசம் எழுதியிருந்தார்கள். அவற்றைச் செய்த மனிதருக்கு அப்படி ஒரு அட்டவணையை யாரும் எழுதவில்லை.

பிறகு வந்தது எல்லாம் சேர்ந்து வந்தது. பணவீக்கத்தை அடக்க மத்திய வங்கி வட்டியை ஏற்றியது. 1990இல் அது 14 சதவீதத்தைத் தொட்டது. 1986இல் 72 அமெரிக்கச் சதமாக இருந்த கனடிய டொலர் 1991 நவம்பரில் 89 சதமானது. அதாவது சுவர் இறங்கிய அதே நேரத்தில் எங்கள் அலுமாரி அமெரிக்கருக்கு விலை ஏறி, அவர்களுடைய அலுமாரி எங்களுக்கு மலிந்தது. வேலையின்மை 11 சதவீதத்தைத் தாண்டியது. முதலில் எதிர்ப்பக்க அமெரிக்கக் கிளை மூடியது. சுவர் இல்லாதபோது கிளை எதற்கு? 1991 வசந்தத்தில் நாங்கள் மூடினோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு இயந்திரங்களை ஒவ்வொன்றாக நிறுத்தினார்கள். மரத்தூள் உறிஞ்சும் பெரிய மின்விசிறி கடைசியாக நின்றபோதுதான், அதன் இரைச்சலுக்கு மேலாகவே நாங்கள் இத்தனை காலம் கத்திப் பேசியிருக்கிறோம் என்பது தெரிந்தது.

எங்களை மூடியது வர்த்தகமா, வட்டியா, டொலரா? பிரிக்க முடியாதென்று நெடுங்காலம் சொன்னார்கள். ரொறன்ரோப் பல்கலைக்கழகத்துப் பொருளியலாளர் டானியல் ட்ரெஃப்ளர் 2004இல் வெளியிட்ட ஆய்வில் தொழில்துறை தொழில்துறையாகப் பிரித்துக் காட்டினார். கனடாவின் தீர்வை ஆக அதிகமாகக் குறைந்த துறைகளில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் வீழ்ந்தது. அதே துறைகளில் ஓர் ஆளுக்கான உற்பத்தித்திறன் 15 சதவீதம் ஏறியது. இரண்டு எண்களும் உண்மை. ஆதரித்தவர் ஒன்றைத் தூக்கிப் பிடிப்பார், எதிர்த்தவர் மற்றதைத் தூக்கிப் பிடிப்பார். அந்தப் 12 சதவீதத்துக்குள் வீழ்ந்த ஆளுக்கு 15 சதவீதத்தில் பங்கு எப்படிப் போய்ச் சேரும் என்பதுதான் என் கேள்வி. சந்தை அதைத் தானாகக் கொண்டுபோய்க் கொடுக்காது. அதைச் செய்ய வேண்டியது அரசு. அரசைச் செய்ய வைப்பது வாக்காளர் வேலை.

அரசு ஒரு குழு அமைக்கத்தான் செய்தது. ஜோன் ட கிரோன்பிறே தலைமையில் 1988 ஜனவரியில் அமைந்த ஆலோசனைக் குழு, தேர்தல் முடிந்து நான்கு மாதம் கழித்து, 1989 மார்ச்சில் அறிக்கை தந்தது. வர்த்தகத்தால் வேலை இழந்தவரை மற்றக் காரணங்களால் இழந்தவரிடமிருந்து பிரித்தறிவது கடினம், எல்லோருக்கும் பொதுவான பயிற்சியே பொருத்தம் என்பது அதன் நிலைப்பாடு. இதில் நியாயம் இல்லாமல் இல்லை. வட்டியால் வேலை போனவருக்கும் பசி அதே பசிதான். ஆனால் அமெரிக்காவில் 1962இலேயே கென்னடி காலத்து வர்த்தகச் சட்டம் இப்படிப்பட்ட தொழிலாளரை இனங்கண்டு உதவ வழி செய்திருந்தது. குறைபாடுகள் நிறைந்த திட்டம்தான், 2022இல் அதன் அதிகாரமும் காலாவதியாகிவிட்டது. இருந்தாலும் அறுபது வருடம் ஓர் அரசு அதைப் பிரித்தறிந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? நயாகராவுக்குப் போனால் போதும். அங்கே முந்திரிகைத் தோட்டக்காரர்களும் 1988இல் எங்களைப் போலவே நடுங்கிக்கொண்டிருந்தார்கள். மாகாண மதுச் சபைகள் உள்ளூர் வைனுக்குக் கொடுத்துவந்த விலைச் சலுகையை உடன்படிக்கை நீக்கியது. உலக வர்த்தகத் தீர்ப்பு ஒன்றும் அதே வருடம் அவர்களுக்கு எதிராக வந்தது. கலிபோர்னியா வைனோடு மோத முடியாத பழைய நாட்டு ரகக் கொடிகள்தான் அவர்கள் தோட்டங்களில் இருந்தன. அரசு என்ன செய்தது? கொடியைப் பிடுங்குவதற்குப் பணம் கொடுத்தது. தோட்டக்காரர்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் கொடிகளைப் பிடுங்கிவிட்டு ரீஸ்லிங், ஷார்டனே போன்ற ஐரோப்பிய ரகங்களை நட்டார்கள். தரத்துக்கு முத்திரை குத்தும் வி.கியூ.ஏ. ஏற்பாடும் அந்த ஆண்டிலேயே பிறந்தது. நயாகராவின் ஐஸ் வைன் இன்று உலகப் புகழ் பெற்றது. நீங்கள் விருந்தாளிகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் படம் எடுக்கிற அந்தத் தோட்டங்கள், பாதிக்கப்படப் போகிறவர் யார் என்று அரசு முன்கூட்டியே பெயர் சொல்லிக் கணக்கெடுத்ததன் விளைவு. கொடிக்கு வேர் பிடித்துக் காய்க்க மூன்று நாலு வருடம் எடுக்கும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். அந்த அவகாசத்தை மனிதக் கைகளுக்குக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

பெரியவர் அன்எம்புளோய்மென்ற் காசில் ஒரு வருடம் இருந்தார். பயிற்சிக்குப் போய்ப் பதிந்தார். கணினி வகுப்புக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அவரிடம் நாலு வருடப் படிப்பு இருந்தது, முப்பது வருடக் கை இருந்தது. கடைசியில் மனைவியோடு சேர்ந்து நகரத்து உயர்ந்த கட்டடங்களில் இரவு துப்புரவு வேலைக்குப் போனார். சம்பளம் பாதி. வீடு பறிபோகவில்லை. மேலே இரண்டு தளத்தையும் வாடகைக்கு விட்டுவிட்டு, இருவரும் பேஸ்மென்றுக்கு இறங்கினார்கள். ஒருநாள் பார்க்கப் போனேன். நாங்கள் ஆறு பேர் இருந்த இடத்தைப் போலவே இருந்தது, தரைமட்டத்தில் ஒரு சின்ன யன்னல். சுவரோரம் அவர் கையால் செய்த அலுமாரி. மேலே கொண்டுபோக மனமில்லாமல் அல்ல, மேல்தளம் இனித் தங்களுடையதல்ல என்பதால் அங்கே வைத்திருந்தார். தேநீர் கொண்டுவரப் போனபோது நான் ஒரு லாச்சியை உள்ளே தள்ளிப் பார்த்தேன். அந்தச் சத்தம் அப்படியே இருந்தது.

1993இல் மல்ரோனியின் கட்சி இரண்டே இடங்களுக்குச் சுருங்கியது. உடன்படிக்கையைத் திருத்துவோம் என்று சொல்லி வந்த லிபரல்கள், அடுத்த ஜனவரி முதலாம் திகதி மெக்சிக்கோவையும் சேர்த்த நஃப்டாவை நடைமுறைப்படுத்தினார்கள். சுவர் மீண்டும் கட்டப்படவில்லை. பெரியவர் இருந்தபோதும் அதைக் கட்டச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தத் திறந்த சந்தையில் வளர்ந்த கம்பனிகளில் அவருடைய மகளே வேலை செய்தாள். அவருக்கு அதில் பெருமை இருந்தது.

2025இல் சுவரை எழுப்பத் தொடங்கியது அமெரிக்கா. மார்ச்சில் உருக்குக்கும் அலுமினியத்துக்கும், ஏப்ரலில் கார்களுக்கும் தீர்வை வந்தது. முப்பத்தாறு வருடம் திறந்த எல்லையை நம்பித் தொழிலை அமைத்துக்கொண்ட வின்சர், ஒஷாவா, ஹமில்ரன் தொழிலாளருக்கு இப்போது அதே பயம், எதிர்த்திசையிலிருந்து. ஏப்ரல் 28 தேர்தலில் எல்லாக் கட்சியும் அதையே பேசின. ஒரு காலத்தில் சுதந்திர வர்த்தகத்தை எதிர்த்தவர்களின் கட்சி அதைக் காக்கும் கட்சியாக நின்றது. நாட்டின் இறைமை பற்றிய பேச்சு மீண்டும் எல்லாவற்றுக்கும் மேலே எழுந்தது, எழத்தான் வேண்டும்.

ஸ்காபரோவில் என் வீட்டுக்கு இரண்டு கட்சிகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். இருவரிடமும் பெரியவர் கேட்டதையே கேட்டேன். வின்சரில் கார்த் தொழிற்சாலையில் நிற்கும் 52 வயதுக்காரருக்கு வேலை போனால், எத்தனை மாதம், சம்பளத்தில் எத்தனை பங்கு, எந்த வேலைக்கான பயிற்சி? ஒருவர் கையிலிருந்த தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மற்றவள் ஒரு தமிழ்ப் பிள்ளை, இருபது வயதிருக்கும். “அங்கிள், எனக்கு வடிவாத் தெரியேல்லை, கேட்டுச் சொல்லுறன்” என்று என் இலக்கத்தை எழுதிக்கொண்டு போனாள். இரண்டு நாள் கழித்து உண்மையாகவே தொலைபேசியில் அழைத்தாள். அவளுக்குக் கிடைத்த பதிலில் மாதக் கணக்கு இருந்தது. வயது பற்றி ஒன்றும் இல்லை. தானும் அதைக் கவனித்ததாகவும், இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதாகவும் சொன்னாள்.